ஒன்பதாம் நாள் வந்தவன்

காணாமற்போனோர் மீட்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பலகைதான். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கெழுத்தில், 'நம் ஊரில் காணாமற்போகும் ஒருவர் சராசரியாக ஒன்பது நாளில் வீடு திரும்புகிறார்' என்று எரிந்துகொண்டிருக்கும். பலகைக்குக் கீழே ஒரு நீண்ட பெஞ்சு. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருமே ஒன்பது நாளைத் தாண்டியவர்கள். ஆள் வந்துவிட்டவர்களுக்கு அங்கே என்ன வேலை?

தையலக்கா திங்கட்கிழமைதோறும் அந்தப் பெஞ்சுக்கு வந்துவிடுவாள். பெரிய தையற்காரி என்று சொல்ல முடியாது. பள்ளிச் சீருடை, கிழிந்த பை, எப்போதாவது ஒரு கோட்டு. அவளுடைய தம்பி பொத்தான் தைத்துக் கொடுப்பான். ஆள் வளர்ந்தவன், பேச்சுதான் வளரவில்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அவனுக்கு உற்சாகம் என்று அர்த்தம். மழை பிடித்த ஒரு மாலையில், தைத்து முடித்த கோட்டை வாடிக்கையாளர் வீட்டில் கொடுக்கப் போனான். கோட்டு போய்ச் சேர்ந்தது. தம்பி திரும்பவில்லை. அந்தக் கோட்டு இன்றைக்கும் ஊருக்குள் நடமாடுகிறது. கடைத்தெருவில் அதை எதிரே பார்க்கும்போதெல்லாம் தையலக்காவின் கண் அதன் பொத்தான்களுக்குத்தான் போகும்.

விளக்கு வைக்கும்போது அவள் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். "அவன் இருக்கிற இடத்துல யாராவது அவனைப் பார்த்துச் சாப்பிட்டியான்னு கேக்கணும், சாமி."

நிலையம் சின்னதல்ல. எண்களைக் கூட்ட ஒரு மாடி, கூட்டியதைப் படமாக வரைய ஒரு மாடி, வரைந்ததற்குச் சட்டம் போட்டு மாட்ட ஒரு அறை. வெளியே போய்த் தேடுவதற்கு ஒரே ஒருவர், ஒரே ஒரு சைக்கிள். அவரைத் தேடுகிறவர் என்பார்கள். காலையில் கணினியில் எந்தெந்த வரியில் நாள் கணக்கு விழவில்லையோ அந்த ஆட்களின் பட்டியல் அவர் கைக்கு வரும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பார்.

கணினியில் உட்கார்ந்திருப்பவள் ஒரு சின்னப் பெண். எல்லாரும் அவளைக் 'கட்டம்மா' என்பார்கள். நாள் முழுக்கக் கட்டங்களோடு பேசிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். ஒரு திங்கட்கிழமை தையலக்கா அவளிடம் கேட்டே விட்டாள்.

"ஏன் கண்ணு, ஒன்பது நாள்னு போட்டிருக்கே, என் தம்பி போயி எத்தனை மாசமாச்சு. அவன் அந்தக் கணக்குல இல்லையா?"

கட்டம்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆளுக்கு ஒரு வரி. கடைசிப் பத்தியில், போய் எத்தனையாவது நாள் வந்தார் என்ற எண். மூன்று, ஏழு, பதினைந்து, ஐந்து. நடுநடுவே காலிக் கட்டங்கள்.

"சராசரி போடுற இந்த ஆவரேஜ் ஃபங்ஷன் இருக்குல்லக்கா, அது எண் இருக்கிற கட்டத்தை மட்டும்தான் கூட்டும். காலியா இருந்தா பார்க்காது. தாண்டிப் போயிடும்."

"பார்க்கவே பார்க்காதா?"

"பார்க்காதுக்கா."

தையலக்கா அந்தக் காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்குமாடி வீட்டில் விளக்கு ஏற்றாத ஜன்னல்கள் போல இருந்தன. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது.

பக்கத்தில் லிஃப்ட்காரர் கனைத்தார். பெரிய கட்டடம் ஒன்றில் ஆயுள் முழுக்க லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வந்தது. ஒரு நாள் சந்தைக்குப் போனவள் வழியையும் மறந்துவிட்டாள்.

"தாண்டிப் போறதுன்னா எனக்குப் புரியுது, தங்கச்சி. நாலாவது மாடில ஆள் நிப்பாங்க, பொத்தானை அமுக்கிட்டே நிப்பாங்க. உள்ள பெரிய மனுஷங்க இருந்தா நான் நிறுத்த மாட்டேன். மேல போயிடுவேன்."

அடுத்த வாரம் எல்லாக் குடும்பத்தாரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். இயக்குநர் பேசினார். நல்ல மனிதர்தான், குரலும் நல்ல குரல்.

"அன்பார்ந்த குடும்பத்தார்களே! இந்த நிலையத்தை நான் பொறுப்பேற்றபோது சராசரி முப்பது நாள். இன்று ஒன்பது! எப்படிச் சாதித்தோம்? ஓடி ஓடித் தேடியா? இல்லை. தேடினால் என்ன ஆகும்? ரொம்ப நாள் கழித்து ஆள் கிடைப்பார். ரொம்ப நாள் கழித்துக் கிடைப்பவரைப் போலச் சராசரிக்கு எதிரி வேறு யாரும் இல்லை! போன வருடம் நம் தேடுகிறவர் ஒரு பெரியவரைப் பதினோரு மாதம் கழித்துக் கண்டுபிடித்துக் கூட்டிவந்துவிட்டார். பலகையில் எண் எங்கேயோ போய்விட்டது. நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் மனிதாபிமானம் கருதி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை."

எல்லாரும் திரும்பித் தேடுகிறவரைப் பார்த்தார்கள். அவர் கூடத்தின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இப்போது தலைமையகம் புதிதாக ஒரு ஆணை அனுப்பியிருக்கிறது. கவுண்ட்பிளாங்க் என்று ஒரு ஃபங்ஷன். காலிக் கட்டம் எத்தனை என்று எண்ணிச் சொல்லும். எல்லா நிலையத்திலும் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆகவே, உங்கள் வீட்டு ஆள் எத்தனையாவது நாள் வந்தார் என்று ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டுப் போங்கள்."

"வரலையேங்க," என்றாள் தையலக்கா.

"அதனால்தான் அம்மா உங்களைக் கேட்கிறோம். வந்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்குமே."

சனங்கள் வரிசையில் நின்று எண் சொன்னார்கள். மூன்றாம் நாள் வருகிறவர்கள்தான் இந்த ஊரில் அதிகம், மூன்று என்று போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று ஒரு குமாஸ்தா காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு போனார். லிஃப்ட்காரர் வெகுநேரம் யோசித்து, 'பூஜ்யம்' என்றார். பூஜ்யம் காலி இல்லை, அதுவும் ஒரு எண்தான். ஆவரேஜ் அதை ஆசையோடு கூட்டிக்கொண்டது. புள்ளிக்குப் பின்னால் எதுவோ இறங்கியது. இயக்குநர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி போன அன்றைக்கே வந்தவள், அதாவது போகவே போகாதவள், என்று பதிவாகிவிட்டது.

தையலக்கா மட்டும் எண் சொல்லவில்லை. "தெரியாததை எப்படி கண்ணு சொல்றது?" என்றாள். கட்டம்மாவுக்கு அவளை வற்புறுத்த மனம் வரவில்லை. கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதானே என்று, திரும்பிய தேதி எழுத வேண்டிய இடத்தில் 'இன்னும் வரவில்லை' என்று தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை நிலையம் கிடுகிடுத்துப் போயிற்று. வந்த தேதியிலிருந்து போன தேதியைக் கழிப்பது கணினியின் வேலை. 'இன்னும் வரவில்லை' என்பதிலிருந்து எதைக் கழிப்பது? அந்தக் கட்டத்தில் பிழை என்று விழுந்தது. ஒரு கட்டத்தில் பிழை இருந்தால் ஆவரேஜ் ஃபங்ஷன் மொத்தத்தையும் கைகழுவிவிடும். பலகையில், 'நம் ஊரில் காணாமற்போகும் ஒருவர் சராசரியாகப் பிழை நாளில் வீடு திரும்புகிறார்' என்று எரிந்தது. மீடியன், மோட், சராசரியிலிருந்து யார் எவ்வளவு விலகல் என்று சொல்லும் டீவியேஷன், எல்லாக் கணக்கிலும் பிழை. மாடியில் வரைந்த படங்கள் எல்லாம் வெறும் சட்டங்களாக நின்றன. இந்த நிலையத்தின் கணக்கோடு இணைத்திருந்த பக்கத்து ஊர்ப் பலகைகளிலும் அதே எழுத்து. ஒருவன் வராமல் போனது முதன்முதலாக எல்லாருக்கும் தெரிந்தது.

தையலக்காவை வரவழைத்தார்கள். இயக்குநருக்கு வேர்த்திருந்தது.

"உங்க தம்பி எல்லாத்துக்குள்ளயும் பூந்துட்டாரும்மா. மாடியில இருக்கார், பலகையில இருக்கார், தலைமையகத்துல இருக்கார். கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க."

"நானும் அதைத்தாங்க சொல்றேன். வரச் சொல்லுங்க."

தலைமையகத்திலிருந்து நிபுணர் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், மெல்லத்தான் பேசுவார். திரைக்கு முன்னால் அரை மணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்: "இவர் டீவியேஷனுக்கு ரொம்ப வெளிய இருக்கார்."

"என் தம்பி கடைத்தெருவுக்கு வெளியகூடப் போனதில்லீங்களே."

"கவலைப்படாதீங்க. உள்ள கொண்டுவந்துடலாம்." பிழை என்ற எழுத்தை அழித்துவிட்டு நிபுணர் அங்கே ஒன்பது என்று போட்டார். "தெரியாத இடத்துல சராசரியைப் போட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல. சராசரி மாறாது. இவர் இருந்தும் இல்லாத மாதிரி, இல்லாமலும் இருக்கிற மாதிரி. எங்க துறையில இதைவிட அழகான ஒண்ணு கிடையாது."

பலகை மறுபடியும் ஒன்பது என்று எரிந்தது. கூடத்தில் கை தட்டினார்கள். தையலக்காவின் தம்பி ஒன்பதாம் நாள் வீடு திரும்பியதாகச் சான்றிதழ் அச்சாகி வந்தது.

பிழை காட்டிய வரி என்பதால் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று விதி இருந்ததாம். மறுநாள் மத்தியானம் இயக்குநரும் நிபுணரும் தையலக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்னறையில் தையல் எந்திரம், அதன் பக்கத்தில் பொத்தான் டப்பா, அதற்கு எதிரே தம்பி உட்காரும் முக்காலி. நிபுணர் காலணியைக் கழற்றிவிட்டு வந்து முக்காலிக்கு முன்னால் நின்றார்.

"இவர்தானா?"

"அது முக்காலிங்க," என்றாள் தையலக்கா.

"தெரியுதும்மா." அவர் முக்காலியைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் பேசுவதைப் போலத் தணிந்த குரலில் கேட்டார்: "தூக்கமெல்லாம் எப்படி?" கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு இயக்குநரிடம் சொன்னார்: "சராசரி. எழுதிக்குங்க."

"சாப்பாடு?"

பொறுத்திருந்தார். "சராசரி."

"வந்தது பத்தி மனநிலை?" இந்த முறை சற்று அதிக நேரம் காத்திருந்தார். எந்திரத்தின் ஊசிக்குக் கீழே சிக்கியிருந்த துணி காற்றில் லேசாக அசைந்தது. நிபுணர் தலையை ஆட்டினார். "இதுவும் சராசரிதான். அமைதியானவர். இப்படிப்பட்டவங்கதான் எங்களுக்கு வேணும்."

போகும்போது இயக்குநர் முக்காலியைப் பார்த்து, "வரேன் தம்பி. இனிமே எங்கயும் போயிடாதீங்க," என்றார். அவர் குரலில் கேலி துளிக்கூட இல்லை. அதுதான் தையலக்காவைப் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. தெருவில் ஒட்டியிருந்த தம்பியின் படத்தை யாரோ பொறுப்பாகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி, "வந்துட்டானாமே, சொல்லவே இல்லையேக்கா!" என்று கோபித்துக்கொண்டாள். கோட்டுக்காரர் வழியில் நிறுத்தி, "நல்ல சேதி. இன்னொரு கோட்டு தைக்கணும், பையன்கிட்டயே கொடுத்தனுப்புங்க," என்றார். தையலக்கா பதில் சொல்ல வாயைத் திறப்பாள். அதற்குள் அவர்கள் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். காத்திருக்கிறவளுக்கு ஊரில் ஒரு இடம் இருந்தது. பெஞ்சில் ஓர் ஓரம், கடைக்காரர்களிடம் ஒரு பரிவு, 'ஏதாவது தெரிஞ்சுதா?' என்ற ஒரு கேள்வி. அதெல்லாம் போயிற்று. முக்காலியில் அவளால் உட்காரவும் முடியவில்லை, அதை எடுத்து மூலையில் போடவும் கை வரவில்லை. ஒரு நாள் எந்திரத்தை மிதித்துக்கொண்டே, "அந்தக் கறுப்புப் பொத்தானை எடுடா," என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்து அப்படியே நின்றுவிட்டாள்.

வராதவனுக்காக அழலாம். வந்ததாக எழுதிவிட்டவனுக்காக எப்படி அழுவது?

நிலையத்துக்கு ஓடினாள். பெஞ்சு காலியாக இருந்தது. காணாமற்போனவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களே, யார் உட்காருவது? ஓரத்தில் லிஃப்ட்காரர் மட்டும் இருந்தார். வாசலில் தேடுகிறவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லா வரியிலும் எண் விழுந்துவிட்டதால் அவருக்குப் பட்டியலே வரவில்லை. ஊரில் தேட ஆளில்லை என்று அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். அதை வைத்துத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "தம்பியை மறுபடியும் காணோம்னு எழுதணும்னா, அவர் வீட்டை விட்டு மறுபடியும் கிளம்பிப் போகணும்மா. அதை நீங்க கண்ணால பார்த்திருக்கணும். பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ வீட்லதான் இருக்கார்." எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

தையலக்கா கட்டம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றாள். அழவில்லை. "கண்ணு, அவன் கிடைக்கணும்னுகூட நான் கேக்கல. அது சாமி கையில. அவனைத் தேடுறதை மட்டும் நிறுத்தாதீங்கம்மா," என்றாள்.

இந்தப் பெண்ணுக்கு வயதான தாய், படிக்கிற தம்பி, போன மாதம்தான் நிரந்தரமான வேலை. அதையெல்லாம் நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்தது, நினைத்தும் பார்த்தாள். பிறகு மவுஸை நகர்த்தி அந்த ஒன்பதின்மேல் வைத்தாள். அழித்தாள். அந்த இடத்தில், விசைப்பலகையின் அடியில் எழுத்தே இல்லாமல் இருக்கும் நீளப் பொத்தானை ஒரு முறை தட்டினாள்.

"என்ன கண்ணு செஞ்சே?"

"ஒரு இடைவெளி விட்டேன்கா. அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனா கணினிக்கு அது காலி இல்ல, கவுண்ட்பிளாங்க் எண்ணாது. அது ஒரு எண்ணும் இல்ல, அதனால ஆவரேஜ் தொடாது. எண் இல்லாத வரி எல்லாம் தேடுற பட்டியலுக்குப் போயிடும்."

அச்சு எந்திரம் கரகரத்து ஒரே ஒரு வரியைத் துப்பியது.

லிஃப்ட்காரர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கணக்கெடுக்க வந்தவங்க எங்க வீட்ல ரெண்டு பேருன்னு எழுதிட்டுப் போனாங்கம்மா. நான் வாயைத் திறக்கல. திறந்தா அவ திரும்பவும் போயிடுவாளோன்னு பயம். சாயங்காலத்துல வெளிய போகும்போது சொல்லிட்டுத்தான் போறேன். யாருகிட்ட சொல்றேன்னு நினைக்கிறே?" திரையை நோக்கிக் குனிந்தார். "எம் பொண்டாட்டியைத் தொலைச்சுக் கொடு தாயி. தொலைஞ்சாத்தானே தேட முடியும்."

கட்டம்மா அவர் மனைவியின் வரிக்குப் போய், பூஜ்யத்தை அழித்து, நீளப் பொத்தானைத் தட்டினாள். பிறகு விரலை எடுக்கவில்லை. கீழே இறங்கிக்கொண்டே போனாள். அன்று வரிசையில் நின்று மூன்று என்று சொன்னவர்கள், ஐந்து என்று சொன்னவர்கள், ஒவ்வொருவராக அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு கட்டமாக விளக்கு அணைந்துகொண்டு வந்தது. அச்சு எந்திரம் ஓயாமல் ஓடியது.

மாடியிலிருந்து இறங்கி வந்த இயக்குநர் திரையைக் கண்டு நின்றார்.

"இதெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"காலி இல்ல சார். கவுண்ட்பிளாங்க் பாருங்க, பூஜ்யம். பலகையைப் பாருங்க, ஒன்பது."

இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அவர் குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "அப்போ உள்ள என்ன இருக்கு?"

"ஏதோ இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வெள்ளையாய், வரிசையாய், அத்தனை கட்டங்களும் அவரைத் திரும்பிப் பார்ப்பதைப் போல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இரண்டடி பின்வாங்கினார். எண்கள் சரியாக இருக்கும்போது மேற்கொண்டு எதையும் கேட்பது அவர் வழக்கமில்லை. "சரி, நல்லது," என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் வேகமாக ஏறிப் போனார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். கீழே நின்றவர்களுக்கோ அதுதான் தைரியமாக இருந்தது. கடவுள் இப்படித்தான் மனிதர்களைப் பிரித்து வைத்திருக்கிறார்.

தேடுகிறவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பல நாள் கழித்துக் கிடைத்த பட்டியல். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சைக்கிளை வாசலுக்குத் தள்ளிவந்து, முதல் வரியில் அவள் தம்பி இருந்ததால் தையலக்காவின் முன் வந்து நின்றார். இத்தனை மாதத்தில் அந்த நிலையத்தில் யாரும் கேட்காததை அவர் கேட்டார்.

"அக்கா, தூரத்துல பார்த்துக் கூப்பிட்டா தம்பி திரும்பிப் பார்ப்பாரா?"

"பேரைச் சொன்னா திரும்ப மாட்டான். அவன் பேரு அவனுக்கே பிடிக்காது. விசிலடிச்சா திரும்புவான். நான் வாசல்ல நின்னு விசிலடிச்சுத்தான் சாப்பிடக் கூப்பிடுவேன்."

"எப்படி?"

தையலக்காவுக்கு வெட்கமாக இருந்தது. லிஃப்ட்காரர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மெல்ல விசிலடித்தாள். இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறுகிற மாதிரி. அவர் அடித்துப் பார்த்தார்.

"கடைசியில ஏறணும். சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு உங்களுது. சோத்துக்குக் கூப்பிடணும்."

மறுபடியும் அடித்தார். "ஆங், இதேதான்," என்றாள் அவள்.

அவர் சைக்கிளில் ஏறித் தெருவில் இறங்கினார். மிதிக்கு ஒன்றாய் விசில் கேட்டுக்கொண்டே போனது. சைக்கிள் முனை திரும்பியது. விசில் தேய்ந்தது, வண்டிச் சத்தத்துக்குள் போயிற்று, பிறகு இல்லை. தையலக்கா படியைவிட்டு இறங்கவில்லை. பதிலுக்கு யாராவது விசிலடிக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.